படம் சுழற்றிய கை

நுழையும்முன்

திரையில் அசையும் படம் என்று எதுவும் இல்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றி மறைகின்றன; அசைவைக் கண்டுகொள்வது நம் கண்ணும் மூளையுமே. ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் தோன்ற வேண்டும் என்பதை இன்று இயந்திரம் முடிவு செய்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டுச் சொல்லத் தேவையில்லை; நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் அதை முடிவு செய்தது ஒரு மனிதரின் வலக்கை. தமிழகத்தின் ஊர்களுக்கு அந்தக் கைப்பொறியைக் கொண்டுசென்ற சாமிக்கண்ணு வின்சென்ட்டின் வாழ்வைக் கூறுவது இப்பாடம்.

காவிரிக்கரையின் தொடர்வண்டி நகரம்

திருச்சிராப்பள்ளியைக் கடந்து கல்லணையை அடைந்ததும் காவிரி கிளைவிரித்துத் தஞ்சைச் சமவெளியில் பரவுகிறது. ஆறு சென்ற திசையிலேயே பின்னாளில் இருப்புப்பாதையும் சென்றது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861 ஆம் ஆண்டில் தொடர்வண்டி ஓடியது. அடுத்த ஆண்டே அப்பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியது. டெல்டாவின் நெல்லை வெளியூர்களுக்குச் சுமந்து சென்ற அதே வண்டிகள், வெளியூர்களின் புதுமைகளைத் திரும்பிவரும்போது ஏற்றி வந்தன. தென்னிந்திய இரயில்வேயின் தலைமையிடமாகத் திருச்சிராப்பள்ளி வளர்ந்தது. பொறியாளர்கள், எழுத்தர்கள், வரைவாளர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் என ஒரு புதிய உழைப்பாளர் கூட்டம் அந்நகரில் குடியேறியது.

அவ்வாறு குடியேறியவர்களுள் ஒருவர் சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் கோயம்புத்தூரில் 1883 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் பிறந்தவர். தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியேற்றார். மாத ஊதியம் 25 ரூபாய். பாலத்தின் வளைவையும் நிலையத்தின் கூரையையும் அளவு பிசகாமல் தாளில் இறக்கும் வேலை அது. நேர்கோட்டுக்கும் கணக்குக்கும் பழகிய கையைப் பின்னாளில் அவர் வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்.

அக்காலத்துக் காவிரி நாட்டு மக்கள் கலைக்காட்சிகளுக்குப் புதியவர்கள் அல்லர். மெலட்டூரில் பாகவத மேளா நடந்தது. ஊர்தோறும் கூத்தும் இசை நாடகமும் விடிய விடிய நடந்தன. தோற்பாவைக் கூத்தில் வெள்ளைத் துணிக்குப் பின்னே விளக்கை ஏற்றி, வண்ணத் தோல்பாவைகளை அத்துணியில் அசைத்துக் காட்டினர். ஆகவே ஒளிபட்ட வெள்ளைத் துணியில் உருவங்கள் நடமாடுவதைக் காண்பது அம்மக்களுக்கு வியப்பாக இருந்திருக்காது. பாவையை அசைக்கும் கலைஞர் இல்லாமலே உருவம் நடப்பதுதான் வியப்பு.

டூபாண்ட் விட்டுச்சென்ற பெட்டிகள்

பிரான்சில் லூமியர் சகோதரர்கள் 1895 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் பாரிஸ் நகரில் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். ஏழு திங்கள் கழிவதற்குள் அவர்களின் படங்கள் மும்பையின் வாட்சன் விடுதியில் திரையிடப்பட்டன. சென்னையும் விரைவில் அவற்றைக் கண்டது. ஆயினும் இவை பெருநகரக் காட்சிகள். சிற்றூர்களை நோக்கிப் படக்கருவியுடன் பயணம் செய்தவர்கள் ஒரு சிலரே. அவர்களுள் ஒருவர் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர். இயேசுநாதரின் வாழ்வைக் காட்டும் படம் உள்ளிட்ட சில சுருள்களுடன் ஊர் ஊராகச் சென்ற அவர், 1905 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தபோது நோயுற்றார். பயணத்தைத் தொடர இயலாமல், தம் கருவியையும் சுருள்களையும் விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப முடிவு செய்தார்.

சாமிக்கண்ணு அவற்றை வாங்கினார். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். இத்தொகையை அவருடைய ஊதியத்தோடு ஒப்பிட்டால்தான் அதன் பொருள் விளங்கும். ஒரு காசுகூடச் செலவிடாமல் சேர்த்தாலும் எண்பது மாத ஊதியம். ஆறரை ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. இரயில்வே வேலை என்பது மாதம் தவறாத ஊதியம் தருவது. அதை விட்டுவிட்டு, தமிழ்நாட்டில் எவரும் பிழைத்துக் காட்டியிராத ஒரு தொழிலில் அவர் இறங்கினார். கையில் இருந்தவை ஒரு படவீழ்த்தி, சில சுருள்கள், ஒரு வெள்ளைத் திரை. பழுதுபார்க்கவோ புதிய சுருள் வாங்கவோ அருகில் ஒரு கடையும் இல்லை.

அவர் வாழ்வை எழுதுவோர் பெரும்பாலும் இந்தத் துணிவோடு நின்றுவிடுகின்றனர். துணிவு ஒரு நாளில் முடிந்துவிடும். அந்தப் பொறியைப் பார்ப்பவர் கண் நோகாதபடி ஒவ்வோர் இரவும் இயக்க வேண்டும் என்பதே அதன்பின் வந்த வேலை. அது எத்தகைய வேலை என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு நொடிக்கு இரண்டு சுற்று

படச்சுருள் என்பது 35 மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட நாடா. ஓரடி நீளத்தில் பதினாறு சிறு படங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் படச்சட்டம் என்பர். படவீழ்த்தியின் பக்கத்தில் உள்ள கைப்பிடியை ஒரு முறை சுழற்றினால் எட்டுச் சட்டங்கள் நகரும். ஒரு நொடிக்கு இரண்டு சுற்று என்றால் பதினாறு சட்டங்கள், அதாவது ஓரடிச் சுருள். மௌனப் படக் காலத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வேகம் இதுவே. ஒரு மணி நேரம் படம் காட்ட 7,200 முறை கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். தோள் வலிக்கும் என்பது இருக்கட்டும். முதற்சுற்றும் கடைசிச் சுற்றும் ஒரே வேகத்தில் அமைய வேண்டும் என்பதே கடினம்.

தஞ்சைத் தரணியின் இசைவாணர்கள் இதற்கு அழகான ஒரு சொல்லை வைத்திருக்கின்றனர்: காலப்பிரமாணம். எடுத்த வேகத்தை இறுதிவரை கூட்டாமலும் குறைக்காமலும் காப்பது. கச்சேரியில் அது தவறினால் தாளம் போடும் கை உடனே உணர்ந்துவிடும். படக்கொட்டகையில் அது தவறினால் திரையில் நடப்பவர் திடீரென ஓடுவார். அல்லது நீருக்குள் நடப்பவர் போல் மிதப்பார். ஏற்றம் இறைப்போர் பாட்டைக் கொண்டு சாலின் எண்ணிக்கையைக் காப்பது போல, படம் சுழற்றுவோரும் மனத்துக்குள் ஏதேனும் ஒரு கணக்கை ஓட்டியே கையை நிலைநிறுத்த வேண்டியிருந்தது.

வேகம் சரியாக இருந்தாலும் மற்றொரு தொல்லை இருந்தது. அது ஒளிச்சிமிட்டல். ஒரு சட்டம் நகர்ந்து அடுத்த சட்டம் வந்து நிற்கும் இடைவேளையில் ஒளி திரையில் விழுமானால், படம் மேலும் கீழும் இழுபட்ட கறையாகத் தெரியும். அதனால் அந்த நேரத்தில் மட்டும் ஒளியை மறைக்க, ஒளிக்கற்றையின் வழியில் ஓர் இறக்கை சுழன்றுகொண்டிருக்கும். மதகுப் பலகை இறங்கி நீரை நிறுத்துவது போல அவ்விறக்கை ஒளியை நிறுத்தும். சட்டம் மாறியதும் திறந்துவிடும். ஆகவே திரை ஒவ்வொரு நொடியும் பதினாறு முறை இருண்டு பதினாறு முறை ஒளிர்ந்தது. ஆனால் மனிதக் கண் நொடிக்குப் பதினாறு சிமிட்டல்களைத் தெளிவாகவே உணர்ந்துவிடும். கண் கூசும், தலை வலிக்கும். தொடக்கக் காலத்தில் படம் பார்த்தோர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வெளியேறினர்.

இங்கே இரண்டு செய்திகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அசைவு தொடர்ச்சியாகத் தோன்றுவதற்கு நொடிக்குப் பதினாறு படங்கள் ஓரளவு போதும். சிமிட்டல் மறைவதற்கு அது போதாது. நொடிக்கு ஐம்பதை நெருங்கும் அளவில் ஒளி வந்துபோக வேண்டும். அமெரிக்க அறிவியலாளர் எடிசன் நொடிக்கு நாற்பத்தாறு படங்கள் தேவை என்று கருதினார். அவ்வாறு செய்தால் சுருள் மூன்று மடங்கு செலவாகும். கையாலும் சுழற்ற இயலாது. பொறியாளர்கள் வேறு வழி கண்டனர். ஓர் இறக்கைக்கு மாறாக மூன்று இறக்கைகளைப் பொருத்தினர். ஓர் இறக்கை, சட்டம் நகரும்போது ஒளியை மறைத்தது. மற்ற இரண்டும், அசையாமல் நிற்கும் அதே படத்தைத் தேவையின்றியே இருமுறை மறைத்துத் திறந்தன. இப்போது ஒரு படம் மூன்று முறை பளிச்சிட்டது. பதினாறு படங்கள், நாற்பத்தெட்டு ஒளிர்வுகள். இருட்டை அகற்ற இருட்டையே கூட்டினர். சிமிட்டல் பெருமளவு அடங்கியது. படங்களின் எண்ணிக்கை கூடவில்லை. சுருளின் செலவும் கூடவில்லை.

விளக்கின் வலிமையும் இதில் பங்கு பெற்றது. திரை எவ்வளவு ஒளி மிகுந்ததோ, கண் சிமிட்டலை அவ்வளவு எளிதில் கண்டுகொள்ளும். மின்சாரம் எட்டாத ஊர்களில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் காய்ச்சி வெண்ணொளி எழுப்பும் விளக்கை அக்காலக் காட்சியாளர் பயன்படுத்தினர். மின்சாரம் கிட்டிய இடங்களில் இரு கார்பன் குச்சிகளுக்கு இடையே எரியும் விளக்கு வந்தது. ஒளி கூடக்கூடப் படம் தெளிந்தது. கை சற்றே தளர்ந்தாலும் சிமிட்டல் காட்டிக்கொடுத்தது.

கையைத் தளர்த்த இயலாமைக்கு இன்னும் அச்சமூட்டும் காரணம் ஒன்று உண்டு. அக்காலச் சுருள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொரு சட்டமும் விளக்கின் வெப்பத்தை ஒரு கணமே தாங்கும். கை நின்று சுருளும் நின்றால், விளக்கின் முன் நிற்கும் சட்டம் எரியத் தொடங்கும். பாரிஸ் நகர அறக்கொடைச் சந்தை ஒன்றில் 1897 ஆம் ஆண்டு மே திங்களில் படவீழ்த்தி விளக்கின் எரிபொருள் தீப்பற்றி 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துணிக்கூடாரத்துக்குள் நூற்றுக்கணக்கானோரை அமர்த்திப் படம் காட்டுவோர் எதைக் கையில் பிடித்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

கூடாரம் நடந்த ஊர்கள்

திருச்சிராப்பள்ளியிலேயே தம் முதற்காட்சிகளை நடத்திய சாமிக்கண்ணு, பின்னர்க் கூடாரத்தையும் கருவியையும் தொடர்வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தென்னகத்து ஊர்களில் தொடங்கிய பயணம் வடமேற்கே லாகூர், பெஷாவர் வரை நீண்டது; கடல் கடந்து பர்மாவையும் தொட்டது. அவர் வேலையை விட்டாரே தவிர இருப்புப்பாதையை விடவில்லை. அந்நாளில் ஊர் சுற்றும் படக்காட்சி என்பதே தொடர்வண்டியின் பிள்ளை. நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் பெட்டிகளை ஏற்றி, திடல் பார்த்துக் கூடாரம் அடித்து, இருட்டும்வரை காத்திருந்து படம் காட்டினர். கூட்டம் குறைந்தவுடன் அடுத்த ஊர். டெல்டா போன்ற உழவர் நாட்டில் இதற்கெனப் பருவமும் உண்டு. நாற்று நடும் காலத்தில் எவரும் கூடாரத்துக்கு வரமாட்டார். தை மாத அறுவடை முடிந்து, களத்தில் நெல்லும் மடியில் காசும் இருக்கும் காலமே காட்சிக்காரர்களின் காலம்.

சாமிக்கண்ணு 1909 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அமைத்தார். அக்கொட்டகைக்கு எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன் என்று பெயரிட்டார். பெயரின் நீளத்திலேயே ஓர் ஆசை ஒளிந்திருக்கிறது. படம் பேச வேண்டும் என்னும் ஆசை அது. படச்சுருளையும் கிராமபோன் இசைத்தட்டையும் ஒருசேர ஓடவிட்டுப் படத்தைப் பேசவைக்கும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் நடந்த காலம் அது. இசைத்தட்டு விசைவில்லின் முறுக்கத்தால் சுழல்வது. படச்சுருளோ மனிதக் கையால் சுழல்வது. இரண்டும் ஒன்றாகத் தொடங்கினாலும் ஒன்றாக முடிவதில்லை. பாட்டு முடிந்த பின்னும் வாயசைத்துக்கொண்டிருக்கும் பாடகரைத் திரையில் கண்டு மக்கள் சிரித்தனர். கையின் வேகத்தை இயந்திரத்தின் வேகத்தோடு பொருத்தும் சிக்கல் தீர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

பிரான்சின் பாத்தே நிறுவனம் செய்த படவீழ்த்திகளுக்குத் தென்னிந்திய முகவராகவும் அவர் ஆனார். தாம் ஒருவராக ஊர் சுற்றியவர், பிறர் ஊர் சுற்றுவதற்கும் கருவி அளித்தார். அவற்றைக் கொண்டு புதிய கொட்டகைகள் எழுந்தன. கைகள் பெருகின, வேகங்களும் பெருகின. கூட்டம் மிகுந்த நாளில் ஒரு காட்சி கூடுதலாக நடத்தும் பொருட்டு விரைந்து சுழற்றிய கொட்டகைக்காரர்கள் எல்லா நாடுகளிலும் இருந்தனர். ஆயிரம் அடிச் சுருள் முறையான வேகத்தில் ஓட ஏறத்தாழ பதினேழு நிமிடம் ஆகும். அதைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தால் ஓர் இரவுக்கு வருவாய் கூடும். சுருளின் ஓரத்துத் துளைகள் கிழிந்தன. துயரக் காட்சியில் கதைமாந்தர் துள்ளி ஓடினர். அதைப் பற்றி அக்கொட்டகைக்காரர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வெரைட்டி ஹால்

சாமிக்கண்ணு தம் சொந்த ஊரான கோயம்புத்தூரில் 1914 ஆம் ஆண்டு நிலையான திரையரங்கு ஒன்றைக் கட்டினார். வெரைட்டி ஹால் என்பது அதன் பெயர். மழைக்கும் காற்றுக்கும் அஞ்சிய கூடாரத்தின் இடத்தில் சுவரும் கூரையும் வந்தன. அவ்வரங்குக்கென அவர் மின்னாக்கி ஒன்றையும் நிறுவினார். பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது 1930களில்தான் என்பதை நினைத்தால், அவர் எவ்வளவு முன்னே சென்றார் என்பது புரியும். அம்மின்சாரத்தைக் கொண்டு அச்சகமும் நடத்தினார். அரங்கு இருந்த சாலை இன்றளவும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகிறது.

ஒலி வந்து வேகத்தைக் கட்டியது

அமெரிக்காவில் 1920களின் பிற்பகுதியில் பேசும்படம் நிலைபெற்றது. ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதியும் முறை பரவியது. படமும் ஒலியும் ஒரே நாடாவில் சேர்ந்தபின் ஒன்று முந்தவோ மற்றொன்று பிந்தவோ வழியில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடும் உடன் வந்தது. கண் வேகமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. சுருள் சற்றே விரைந்தால் பாடுபவரின் சுருதி ஏறிவிடும், தளர்ந்தால் இறங்கிவிடும். ஆகவே மனிதக் கைக்கு விடை கொடுத்து மின்பொறியைப் பொருத்தினர். ஒலி தெளிவாகப் பதியச் சுருள் முன்னைவிட விரைந்து ஓடவேண்டியிருந்தமையால், நொடிக்கு இருபத்துநான்கு சட்டங்கள் என்று வேகத்தை நிலைப்படுத்தினர்.

இப்போது மூன்று இறக்கைகள் தேவைப்படவில்லை. இரண்டே போதுமானவை. இருபத்துநான்கு படங்கள், ஒவ்வொன்றும் இருமுறை பளிச்சிட்டால் மீண்டும் அதே நாற்பத்தெட்டு. கையால் சுழற்றிய கூடாரத்திலும் மின்பொறி இயக்கிய அரங்கிலும் திரை நொடிக்கு ஒரே அளவு முறைதான் இருண்டு ஒளிர்ந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு வேண்டிய எண் மாறவில்லை. அதை அடையும் வழியே மாறியது.

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் சென்னையில் வெளியானது. அதில் நாயகியாக நடித்தவர் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி. தியாகராசரின் இசை ஒலித்த ஊரில் பிறந்தவரின் குரல், வேகம் மாறாத சுருளில் பதிந்து ஊர்தோறும் ஒரே சுருதியில் ஒலித்தது. மௌனப் படங்களிலும் நடித்தவர் அவர். அங்கே அவர் நடையின் வேகத்தை அவ்வூர்க் கொட்டகையின் கை முடிவு செய்தது. இங்கே அவர் நடந்த வேகத்திலேயே நடந்தார்.

இம்மாற்றத்தைச் சாமிக்கண்ணு ஓரமாக நின்று பார்க்கவில்லை. கல்கத்தாவின் பயனீர் பிலிம் நிறுவனத்தோடு இணைந்து வள்ளி திருமணம் என்னும் பேசும்படத்தைத் தயாரித்தார். பி. வி. ராவ் இயக்கிய அப்படம் 1933 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வள்ளியாக நடித்தவர் ராஜலட்சுமியே. திருச்சிராப்பள்ளியில் பேசாத இயேசுநாதரைத் திரையில் காட்டித் தொடங்கியவர், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் தினைப்புனத்து வள்ளியைப் பாடவைத்தார். மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். கோயம்புத்தூரில் 1930களின் நடுவில் எழுந்த சென்ட்ரல் ஸ்டுடியோவின் பங்குதாரர்களுள் ஒருவராகவும் அவர் விளங்கினார். காட்சியாளர், முகவர், அரங்க உரிமையாளர், தயாரிப்பாளர் எனத் திரைத்தொழிலின் ஏறத்தாழ எல்லாப் படிகளையும் ஏறிய அவர், 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின் காவிரிச் சிற்றூர்களின் திடல்களில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகள் பல்லாண்டுகள் நிலைத்தன. மணல் குவித்து அமர்ந்து பார்த்த அக்கொட்டகைகளில் ஒரே ஒரு படவீழ்த்திதான் இருக்கும். சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடுவார்கள். கை சுழற்றுவது நின்றுபோயிருந்தது. கார்பன் குச்சியைத் திருகித் திருகி ஒளியைக் காக்கும் வேலை மட்டும் கைக்கு எஞ்சியிருந்தது.

வீட்டுத் திரையில்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் தொடங்கியது. கொட்டகையில் பார்த்த படங்கள் வீட்டுக்குள் வந்தன. வந்த வழியில் அவற்றின் வேகம் சற்றே மாறியது. இந்தியாவின் மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது அதிர்வுகள் உடையது. அதனை ஒட்டி நம் தொலைக்காட்சி முறை நொடிக்கு இருபத்தைந்து படங்கள் காட்டுமாறு அமைந்தது. இருபத்துநான்கில் எடுத்த படத்தை இருபத்தைந்தில் ஓட்டினால், இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாடகரின் சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பெரும்பாலோர் இதனைக் கவனிக்கவில்லை. செவி கூர்மையுடைய இசைவாணர் சிலர் கவனித்திருக்கக்கூடும்.

இன்றைய தட்டைத் திரைகளும் கைப்பேசித் திரைகளும் வேறு வகையின. அவற்றில் ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் இடையே திரை இருள்வதில்லை; அடுத்த படம் வரும்வரை முந்தையது நிற்கும். அதனால் பழைய சிமிட்டல் இல்லை. வேறு குறை உண்டு. பல திரைகள் நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகின்றன. அறுபதை இருபத்துநான்கால் மீதியின்றி வகுக்க இயலாது. ஆகவே ஒரு படத்தை இருமுறையும் அடுத்ததை மும்முறையும் எனத் திரை மாறிமாறிக் காட்டுகிறது. வயல்வெளியின் குறுக்கே ஒளிப்படக்கருவி மெல்லத் திரும்பும் காட்சியில், தென்னை மரங்கள் வழுக்கிச் செல்லாமல் விட்டுவிட்டுத் தாவுவது இதனால்தான். நொடிக்கு நூற்றிருபது முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை தோன்றும்; தாவல் மறையும். இடையிடையே இல்லாத படங்களைத் தாமே உருவாக்கிச் சேர்க்கும் தொலைக்காட்சிகளும் உள்ளன. அசைவு அவற்றில் எண்ணெயாய் வழுக்குகிறது. ஆனால் திரைப்படம் நாடக மேடையை நேரில் பார்ப்பது போல் ஆகிவிடுகிறது என்று பலர் அவ்வசதியை நிறுத்திவிடுகின்றனர்.

இவற்றுள் மிகுதியாக அல்லற்படுவது மௌனப் படமே. தென்னிந்திய மௌனப் படங்களுள் இன்று எஞ்சியவை மிக அரியவை. வள்ளி திருமணத்தை இயக்கிய பி. வி. ராவ் அதே 1933 இல் இயக்கிய மார்த்தாண்ட வர்மா என்னும் மௌனப் படம் அவற்றுள் ஒன்று. அது புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தாதாசாகேப் பால்கே 1913 இல் வெளியிட்ட ராஜா ஹரிச்சந்திராவின் எஞ்சிய பகுதியை இணையத்தில் காணலாம். இத்தகைய படங்களைக் கைப்பேசியில் பார்க்கும் இளைஞர், அக்கால மனிதர்கள் கோமாளிகளைப் போல் துள்ளி நடந்தார்கள் என்று எண்ணிச் சிரிப்பதுண்டு. அவர்கள் அவ்வாறு நடக்கவில்லை. பதினாறு சட்ட வேகத்துக்கென எடுத்ததை இருபத்துநான்கில் ஓட்டும்போது எல்லாம் ஒன்றரை மடங்கு விரைகின்றன. சுடுகாட்டை நோக்கி நடக்கும் அரிச்சந்திரன் ஓடுகிறான். சந்திரமதியின் அழுகை நடுக்கமாகிறது. காப்பகங்களில் பணிபுரிவோர் சில படங்களை உரிய வேகத்துக்குத் திருத்தி வெளியிட்டுள்ளனர். திருத்தப்படாதவையே இணையத்தில் மிகுதி.

அத்தகைய படம் கிடைத்தால், காணொலியை ஓட்டும் செயலியின் அமைப்புக்குள் சென்று வேகத்தை 0.75 என்று மாற்றலாம். இருபத்துநான்கு சட்டங்கள் பதினெட்டாகக் குறையும். பதினாறுக்கு அது மிக அருகில் உள்ளது. துள்ளிக்கொண்டிருந்தவர் மெல்ல நிதானப்பட்டு, தெருவில் நம்மோடு நடப்பவரைப் போல் நடக்கத் தொடங்குவார்.